வீட்டுப் பட்டறையில் கை பத்திரம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே மரவேலை, இரும்பு வேலை, சில்லறை ரிப்பேர் செய்கிறவர்கள் கைக் காயம் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டி, பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி டேபிள் ரம்பமாக வைத்திருக்கிறேன். வீடியோக்களில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கிழிக்க வசதியாக இருக்கிறது. கைக்கு ஆபத்து வராமல் என்ன செய்யலாம்? – ஈரோடு வாசகர்

அந்த மெஷினைக் கழற்றி நேராகப் பிடித்து வேலை செய்யுங்கள். அதைவிட நல்ல பாதுகாப்பை எங்களால் சொல்ல முடியவில்லை.

மார்பிள் கட்டர் கையால் பிடித்து ஓட்டச் செய்த மெஷின். நேராகப் பிடிக்கும்போது கை மெஷின் மேல் இருக்கிறது, பிளேடு மரத்துக்கு அடியில் இருக்கிறது, சுவிட்சை விட்டால் நிற்கிறது. தலைகீழாக்கினால் எல்லாம் மாறிவிடும். கவரைக் கழற்றியாக வேண்டும். சுவிட்சை லாக் செய்தோ கயிறு கட்டியோ வைக்க வேண்டும். கடைசியாக, மரத்தைக் கையால் பிளேடை நோக்கித் தள்ள வேண்டும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மெஷின்கள் நிமிடத்துக்குச் சுமார் 13,000 சுற்று ஓடும். பிளேடு 110 மி.மீ. அப்படியானால் பல்லின் வேகம் நொடிக்கு 75 மீட்டர், மணிக்கு 270 கி.மீ. ஏதோ தவறாகிறது என்று கண்டு கையை இழுக்க எவ்வளவு விரைவான ஆளுக்கும் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் 30 பல் பிளேடின் 1,300 பற்கள் அந்த இடத்தைக் கடந்துவிடும். "பார்த்துச் செய்கிறேன், கையை எடுத்துவிடுவேன்" என்பது இந்த வேகத்தில் நடக்காத காரியம்.

விரல் போகிற விபத்துகளில் பல, கை தானாகப் பிளேடில் பட்டு நடப்பவை அல்ல. மரம் கிழிபடும்போது உள்ளே இருந்த இறுக்கம் விட்டு வெட்டு மூடிக்கொள்ளும். அல்லது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான ஓரக்கட்டை பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்பக்கம் ஒரு மில்லி மீட்டர் உள்ளே சாய்ந்திருக்கும். இரண்டிலும் மரம் பிளேடின் பின்பாதியை நெருக்கும். அங்கே பற்கள் கீழிருந்து மேலே எழுகின்றன. அவை மரத்தைத் தூக்கி உங்களை நோக்கி வீசும். அதுவரை மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கைக்கு முன்னால் திடீரென்று ஒன்றும் இல்லை. அழுத்திய வேகத்திலேயே அது பிளேடின் மேல் போய் விழும். பெரிய டேபிள் ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னால் வெட்டுக்குள் நிற்கும் ஒரு பிரிப்புத் தகடு இதற்காகத்தான் இருக்கிறது. நீங்கள் செய்த மேசையில் அது இருக்காது.

மாற்று வழி எளிது. தரையில் மூன்று நான்கு ரீப்பர்களைப் பரப்பி, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்க வையுங்கள். நேரான அலுமினிய ஸ்கொயர் டியூப் ஒன்றை இரண்டு சி கிளாம்ப் போட்டுப் பலகையோடு இறுக்குங்கள். மெஷினின் அடித்தட்டு ஓரத்திலிருந்து பிளேடு வரை எவ்வளவு என்று ஒருமுறை அளந்து, மெஷின் மேலேயே மார்க்கரில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் கோடு போடும் வேலை மிச்சம். பிளேடு ஆழம் பலகையின் கனத்தைவிட 3 மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கட்டும். இரண்டு கையும் மெஷினில். வெட்டு முடிந்து பிளேடு முழுக்க நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். அறுந்து விழும் துண்டுக்கும் அடியில் ரீப்பர் இருந்தால் அது தொங்கிப் பிளேடை நெருக்காது.

ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான ரீப்பர்கள்தான் வேண்டுமென்றால் மர மில்லில் கொடுத்துக் கிழித்து வாங்குவதே நல்லது. உடனே மேசையைக் கைவிட முடியாதவர்கள் இந்த ஐந்தையாவது விடாமல் செய்யுங்கள். பிளேடு மரத்துக்கு மேல் பல்லின் உயரத்துக்கு மட்டும் தெரியட்டும். கை பிளேடுக்கு 15 செ.மீ. தூரத்துக்குள் வரக் கூடாது. கடைசிப் பகுதியை மரத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். மேசையின் முன்பக்கத்தில் தனி சுவிட்ச் வையுங்கள், கரண்ட் போனால் தானாக ஆஃப் ஆகி, மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடும் வகையாகப் பார்த்து.

கிளவுஸ் போட்டுக்கொண்டு வேலை செய்தால் கைக்குப் பாதுகாப்புதானே? டிரில்லிங் செய்யும்போது போடக் கூடாது என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். – விருதுநகர் வாசகி

அவர் சொல்வது சரி. சுற்றுகிற பிட், லேத், டேபிள் ரம்பம், பஃபிங் சக்கரம், இவற்றின் அருகே கிளவுஸ் கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும். கிளவுஸ் பட்டால் நூல் சுற்றிக்கொண்டு கையையே உள்ளே இழுக்கும். ரப்பர் புள்ளி வைத்த பின்னல் காட்டன் கிளவுஸ்தான் இதில் மிக மோசம். தகடு தூக்க, கண்ணாடி எடுக்க, சூடான இரும்பைப் பிடிக்க, ஆசிட் கையாள கிளவுஸ் அவசியம். இரண்டு கையாலும் மெஷினையே பிடித்திருக்கும் ஆங்கிள் கிரைண்டருக்குக் கையோடு ஒட்டிய தோல் கிளவுஸ் போடலாம்.

இதே கணக்கு மோதிரத்துக்கும் வளையலுக்கும் துப்பட்டாவுக்கும் பொருந்தும். கோவில் கயிறும் அப்படித்தான். பல மடங்கு முறுக்கிய நூல் அது, எளிதில் அறாது. கழற்ற மனமில்லாவிட்டால் வேலை நேரத்தில் புஜத்துக்கு ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டு ஆளின் எடை அதில் இறங்கினால் விரலின் தோல், ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் உறைபோல உரிந்து வந்துவிடும். எலும்பு மட்டும் மிஞ்சுகிற இந்தக் காயத்தைச் சரிசெய்வது நேராக வெட்டுப்பட்ட விரலை ஒட்டுவதைவிடக் கடினம்.

நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் கவர் இருந்தால் வெட்டுமிடம் தெரியவில்லை. கழற்றிவிட்டு வேலை செய்கிறேன். இதே மெஷினில் மரம் அறுக்கும் பிளேடும் மாட்டலாமா? – திண்டுக்கல் வாசகர்

மரப் பிளேடு வேண்டாம். மரப் பிளேடின் பல் நாரில் கொக்கிபோல் மாட்டும். டிஸ்க் தேய்த்து அறுக்கிறது, பல் கடித்து இழுக்கிறது. கடித்த மறுகணம் மெஷின் கையை மீறித் துள்ளும். போதாததற்கு, பிளேடு பெரும்பாலும் 110 மி.மீ., நாலு அங்குல மெஷினின் கவரோ 100 மி.மீ. டிஸ்க்குக்கு அளவெடுத்தது. ஆகவே கவரைக் கழற்றினால்தான் பிளேடு மாட்டவே முடியும். பிளேடின் துளையும் 20 மி.மீ.; மெஷினுக்கு வேண்டியது 16. நடுவில் அந்த இடைவெளியை அடைக்கும் வளையம் சரியாக உட்காராவிட்டால் பிளேடு மையம் தவறிச் சுற்றும்.

வெட்டுமிடம் தெரியவில்லை என்றால் கவரைக் கழற்ற வேண்டியதில்லை, திருப்ப வேண்டும். கழுத்திலுள்ள திருகைத் தளர்த்தி, மூடிய பக்கம் உங்கள் முகத்துக்கும் கைக்கும் நேராக வரும்படி திருப்பி இறுக்குங்கள். டிஸ்க் உடைந்தால் துண்டு கவரில் மோதி நிற்கும்.

டிஸ்க் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். அதில் அச்சிட்ட சுற்று வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 100 மி.மீ. டிஸ்க்கில் 15,000க்கு மேல் போட்டிருக்கும், மெஷின் 11,000 – 12,000 ஓடும், சரி. தேய்ந்த 7 அங்குல டிஸ்க்கைச் சின்ன மெஷினில் மாட்டுகிறவர்கள் உண்டு. அந்த டிஸ்க் 8,500 சுற்றுக்குத்தான் தாங்கும், சிதறிவிடும். அடுத்தது, நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது காலாவதித் தேதி. டிஸ்க்கை ஒட்டும் பிசின் நாளாக நாளாக, ஈரத்தில் சீக்கிரமாகவே, வலுவிழக்கும். மூன்றாவது, ஒரு மில்லி மீட்டர் வெட்டும் டிஸ்க்கை வைத்துப் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். அதற்கு 6 மி.மீ. கனமுள்ள தேய்க்கும் டிஸ்க் இருக்கிறது.

ஸ்கொயர் டியூபை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் வெட்டு உள்நோக்கி மூடி டிஸ்க்கைப் பிடிக்கும். ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கி, மறுபக்கம் தானாக விழும்படி விடுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவது பரவலான பழக்கம். அது இல்லாமல் ஒரு கையால் ஓட்டும்போது மறு கை எதைப் பிடிக்கும்? வெட்டும் இரும்பை. அங்கேதான் விரல் போகிறது.

இன்னொன்று. இந்த மெஷின்களின் தள்ளு சுவிட்ச் ஆனிலேயே நிற்கும். வேலை நடுவில் கரண்ட் போனால் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகிறோம். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடித் தரையில் துள்ளும். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் மாற்றும்போதும் அதேதான்.

தகட்டில் துளை போடும்போது கடைசி நேரத்தில் தகடு பிட்டோடு சேர்ந்து சுற்றிக் கையை வெட்டிவிட்டது. ஏன் இப்படி ஆகிறது? – திருச்சி வாசகர்

பிட்டின் நுனி தகட்டைத் துளைத்து வெளியேறும் கணத்தில், மிச்சமிருக்கும் மெல்லிய விளிம்பை அதன் வரிப்பள்ளம் திருகாணிபோலப் பிடித்துக்கொள்ளும். கையால் பிடித்த தகடு அதன் பிறகு விசிறிதான். தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கிளாம்ப் போடுங்கள், அல்லது அடியில் மரம் வைத்து இரண்டு இடத்தில் இறுக்குங்கள். முதலில் 3 மி.மீ. துளை போட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். துளை வெளியேறப் போகிறது என்று சத்தம் மாறும்போது அழுத்தத்தைக் குறையுங்கள். மெல்லிய தகட்டுக்கு, படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இல்லை.

டிரில் ஸ்டாண்டு வைத்திருப்பவர்கள் நீளமான துண்டை இடது பக்கம் நீட்டி, அதன் பின் ஓரம் ஸ்டாண்டின் தூணில் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பிடித்துச் சுற்றினாலும் தூணில் முட்டி நின்றுவிடும், உங்கள் பக்கம் வராது. சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் எடுக்க வேண்டாம், பழைய பெயின்ட் பிரஷ் போதும்.

உளி வழுக்கி இடது ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் குத்திவிட்டது. அரை அங்குல வெட்டுதான். மூன்று நாளில் காயம் ஆறி வருகிறது. ஆனால் விரல் நுனி மட்டும் மடங்கவில்லை, ஒரு பக்கம் மரத்ததுபோல் இருக்கிறது. வீக்கம் வற்றினால் சரியாகிவிடுமா? – நாகர்கோவில் வாசகர்

சரியாகாது. இதைப் படித்ததும் கை அறுவை மருத்துவரிடம் புறப்படுங்கள். நுனியை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது, அந்தப் பக்கத்து நரம்பும் அறுந்திருக்கலாம். கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலின் உட்பக்கத்திலும் மடக்குவதற்கு இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. ஒன்று நடு மூட்டுக்கு, ஒன்று நுனி மூட்டுக்கு. இரு ஓரங்களிலும் உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. தோலுக்கும் இவற்றுக்கும் நடுவே சில மில்லி மீட்டர்தான் இடைவெளி. கூரான உளியின் சிறு குத்து போதும்.

அறுந்த தசைநாண் ரப்பர்போல உள்ளங்கைப் பக்கம் சுருங்கிக்கொள்ளும். முதல் வாரம் பத்து நாளுக்குள் என்றால் இரு முனைகளையும் பிடித்து நேராகத் தைக்க முடியும். வாரங்கள் கடந்தால் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்க வேண்டி வரலாம். தைத்த பிறகு பட்டை கட்டி, பயிற்சி சொல்லித் தருகிறவரின் மேற்பார்வையில் விரலை அசைக்க வேண்டும். கனமான வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

விரலில் வெட்டு விழுந்தால் எல்லாரும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். விரலின் நடுக்கணுவை மறு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். பிறகு நேராக நீட்டுங்கள். நுனியின் இரு ஓரங்களையும் பஞ்சால் தொட்டு, மற்ற விரலைப்போல் உணர்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் காயம் சின்னது என்று வீட்டில் இருக்கக் கூடாது.

உளி வழுக்குவதற்கு வழக்கமான காரணம் மொட்டை முனை. முனை போனால் அழுத்தம் கூட்டுகிறோம். அழுத்தம் கூடினால் வழுக்கும்போது நிறுத்த முடிவதில்லை. மரத்தை வைஸில் இறுக்கி, ஒரு கை உளியின் பிடியில், மறு கையில் கொட்டாப்புளி என்று வைத்துக்கொண்டால், இரண்டு கையும் முனைக்குப் பின்னால்தான் இருக்கும். அரத்துக்குப் பிடி போடாமல் ராவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் வால் கூரானது, அரம் எதிலாவது முட்டினால் உள்ளங்கையில் ஏறும்.

விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்கிறார்கள். சரியா? – கோவை, தஞ்சாவூர், புதுச்சேரி வாசகர்கள்

ஐஸில் நேராகப் போடக் கூடாது. ஐஸ் பட்ட திசு உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்ட முடியாது. தண்ணீரில் ஊற வைத்தாலும் கெடும்.

முதலில் ஆளைக் கவனியுங்கள். மெஷினை நிறுத்தி, ஆளைப் படுக்க வைத்து, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்காமல் அழுத்தினால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும். விரலடியில் ரப்பர் பேண்டு, நூல் போட்டு இறுக்க வேண்டாம். காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இவற்றைச் சுரண்டி எடுப்பதற்கே அறுவை அரங்கில் நேரம் போகும். மற்ற விரல்களிலுள்ள மோதிரங்களை வீங்குவதற்குள் கழற்றுங்கள்.

துண்டான விரலில் மண், தூசி இருந்தால் சலைன் விட்டு லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். சலைன் இல்லாவிட்டால் குடிநீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணி. அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். இன்னொரு பையில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி எடுத்து, அதற்குள் முதல் பையை வையுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்திருந்தால் குளிர் உறைநிலைக்குக் கீழே போகாது.

இப்படிக் குளிர்ச்சியில் வைத்த விரல் ஒரு நாள் வரைகூடத் தாங்கக்கூடும். வெறுமனே எடுத்துப் போனால் அந்த அவகாசம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் தசை இருப்பதால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை தொடங்க வேண்டும். எதுவானாலும் அவகாசம் இருக்கிறது என்று தாமதிக்காதீர்கள்.

விரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். அந்த ஒரு கீற்றுத் தோலில் ரத்தக் குழாய் ஓடலாம். நசுங்கிய துண்டையும் எறியாமல் கொண்டு போங்கள்; ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோலோ எலும்போ பக்கத்து விரலுக்குப் பயன்படும். அடிபட்டவருக்குச் சாப்பாடு, காபி கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிகோட்டின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஒட்டிய விரலைச் சாகடிக்கும்.

எங்கே போவது என்பது முக்கியம். 108ஐ அழைத்துவிட்டு, மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து "மைக்ரோ சர்ஜரி செய்கிறவர் இப்போது இருக்கிறாரா?" என்று கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இந்த அறுவைக்குப் பெயர் பெற்றது. முழுக்கத் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப் வைத்து முதலில் ஒட்டியவர்கள் ஜப்பானின் நாரா நகரத்து மருத்துவர்கள் கோமட்சுவும் தாமாயும், 1965இல். கையின் பிடியில் பெரும்பங்கு கட்டைவிரலுடையது என்பதால், அதை ஒட்ட இன்றும் மருத்துவர்கள் எல்லா முயற்சியும் செய்வார்கள். ஒரே ஒரு விரலின் நுனி, அதுவும் நசுங்கியது என்றால், ஒட்டாமல் மூடித் தைப்பதே நல்லது என்று மருத்துவர் சொல்லக்கூடும். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

பிரஷர் வாஷரின் நாசில் அடைப்பை எடுக்கும்போது விரலில் பீய்ச்சிவிட்டது. ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, வலியும் இல்லை. விட்டுவிடலாமா? – ஓசூர் வாசகர்

விடக் கூடாது. வீட்டு பிரஷர் வாஷரிலேயே 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். தோலைத் துளைக்க 7 பார் போதும். உள்ளே போன திரவம் தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கலாம். முதல் சில மணி நேரம் வலி இல்லாமலிருப்பதுதான் இந்தக் காயத்தின் இயல்பு. பிறகு விரல் வீங்கி வெளிறும். கிரீஸ் கன், ஏர்லெஸ் பெயின்ட் ஸ்பிரே, டீசல் இன்ஜெக்டர் என்றால் இன்னும் மோசம், உடனே திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடும். எந்தத் திரவம் என்று சொல்ல அதன் டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

சூப்பர் குளூவில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது? – சிவகங்கை வாசகி

இழுக்காதீர்கள், தோல் உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, மழுங்கிய ஸ்பூன் காம்பை நடுவில் விட்டு உருட்டிப் பிரியுங்கள். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் கரைக்கும், ஆனால் வெட்டுக்காயத்தில் படக் கூடாது. சிந்தியதைப் பஞ்சாலோ காட்டன் துணியாலோ துடைக்க வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் அந்தப் பசை சட்டென்று சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.

பட்டறையில் முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம்? – பல வாசகர்கள்

அரை லிட்டர் சலைன் பாட்டில் ஒன்று, பிரிக்காத காஸ் பாக்கெட் பத்து, மூன்று அங்குல ரோல் பேண்டேஜ் நான்கு, மருத்துவ டேப், கூரான இடுக்கி, கத்தரிக்கோல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை பெரிதும் சிறிதுமாக நான்கு. மரச் சிலாம்பு ஆழமாக ஏறி ஒடிந்தால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். மரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் கேட்டு எடுங்கள். அழுக்குக் காயத்துக்குக் கடைசி டி.டி. ஊசி ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும், சுத்தமான சிறு வெட்டுக்குப் பத்து ஆண்டு. கடைசியாகப் போட்ட தேதியைப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பெட்டியைப் பூட்டாமல், ஒரே கையால் திறக்கும்படி, கதவருகே இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள்.